அவுட்லுக் அஞ்சல்களையும் முகவரிகளையும் புதிய கணினிக்கு மாற்ற

கேள்வி: பழைய கணினியில் அவுட்லுக் பயன்படுத்துகிறேன். பல ஆண்டு அஞ்சல்களும் முகவரிகளும் அதில்தான் உள்ளன. எதுவும் விட்டுப்போகாமல் புதிய கணினிக்கு எப்படி மாற்றுவது?

பதில்: முதலில் உங்கள் கணக்கு பாப் வகையா (அஞ்சலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை), ஐமேப் வகையா (அஞ்சலைச் சர்வரிலேயே வைத்திருக்கும் முறை) என்று பாருங்கள். ஃபைல் மெனுவின் அக்கவுண்ட் செட்டிங்ஸில், கணக்கின் பெயருக்கு எதிரே அது இருக்கும்.

பாப் என்றால், பழைய அஞ்சல்கள் பெரும்பாலும் சர்வரில் இருக்காது. வன்தட்டில் உள்ள பிஎஸ்டி (.pst) என்ற அவுட்லுக் சேமிப்புக் கோப்பில்தான் இருக்கும். முகவரிகளும் காலண்டரும் அதற்குள்ளேயே. டேட்டா ஃபைல்ஸ் பகுதியில் 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' அழுத்தினால் இடம் தெரியும். ஆர்க்கைவ் என்று இன்னொரு பிஎஸ்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் கோட்டைவிடுவது அதைத்தான். அவுட்லுக்கை மூடிவிட்டுக் கோப்பை அப்படியே நகலெடுங்கள். எக்ஸ்போர்ட் செய்தால் ரூல்ஸ் (அஞ்சல்களைத் தானாகப் பிரிக்க நீங்கள் அமைத்த விதிகள்) வராது. பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள். ஃபார்மேட் செய்தால் அதில் இருப்பது அழிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

புதிய கணினியில் கிளாசிக் அவுட்லுக்கை நிறுவி, கோப்பை ஒன்டிரைவ் சேராத ஃபோல்டரில் வையுங்கள். ஒன்டிரைவுக்குள் இருந்தால் இரண்டும் ஒரே கோப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். கண்ட்ரோல் பேனலில் மெயில் வழியாகக் கணக்கைச் சேர்க்கும்போது 'எக்ஸிஸ்டிங் அவுட்லுக் டேட்டா ஃபைல்' என்பதைத் தேர்ந்து, இந்தக் கோப்பைக் காட்டுங்கள். தவறினால் காலியான புது பிஎஸ்டி உருவாகும். அஞ்சல் எல்லாம் போய்விட்டது என்று பதறுவது பெரும்பாலும் இதனால்தான். பாஸ்வேர்ட் பிஎஸ்டியில் வராது, கையில் வைத்திருங்கள். இனி பழைய கணினியில் அவுட்லுக்கைத் திறக்காதீர்கள். புது அஞ்சல்கள் அங்கே இறங்கி, இரண்டு இடத்தில் சிதறிவிடும்.

ஐமேப் என்றால் அஞ்சலுக்குக் கவலையே இல்லை. கணக்கைச் சேர்த்தால் சர்வரிலிருந்து தானே வந்துவிடும். சர்வரில் உள்ளதன் நகலாகக் கணினியில் இருக்கும் ஓஎஸ்டி (.ost) கோப்பை நகலெடுப்பது வீண் வேலை, வேறு கணினியில் அது திறக்காது. ஆனால் முகவரிகளின் ஃபோல்டர் பெயரோடு 'திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி' என்று இருந்தால் கவனம்: அவை சர்வரில் இல்லை. அந்த ஃபோல்டரை மட்டும் இம்போர்ட்–எக்ஸ்போர்ட் வழியாகப் பிஎஸ்டியாக எடுங்கள். சிஎஸ்வி (வெறும் எழுத்துப் பட்டியலாகச் சேமிக்கும் கோப்பு) வேண்டாம், தமிழில் எழுதிய பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகிவிடக்கூடும்.

மாற்றிய பின், புது அஞ்சலில் 'டூ' (To) பட்டனை அழுத்தினால் முகவரிகள் தெரியவில்லையா? கான்டாக்ட்ஸ் ஃபோல்டரை வலக்கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் 'அவுட்லுக் அட்ரஸ் புக்' தாவலில் உள்ள பெட்டியை டிக் செய்யுங்கள். தட்டும்போது தானாக வரும் பெயர்கள் எல்லாமே கான்டாக்ட்ஸில் சேமித்தவை அல்ல. முக்கியமானவற்றைப் பழைய கணினியிலேயே சேர்த்துவிடுங்கள். கையொப்பங்கள் தனி. ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட் என்று உள்ளே போனால் வரும் சிக்னேச்சர்ஸ் ஃபோல்டரை, புதிய கணினியில் அதே இடத்தில் ஒட்டினால் போதும்.