காரைப் படம் எடுத்தால் பொம்மை மாதிரி தெரிகிறது, ஆட்டோ ஷோவில் எடுத்தால் வெறும் விளக்குப் புள்ளிகளாக விழுகிறது. எங்கே தப்பு?

கேள்வியில் இரண்டு புகார்கள். வீட்டு வாசலில் எடுத்தால் முகப்பு ஊதிப்போய் பின்பக்கம் சூம்பிவிடுகிறது. ஷோவில் எடுத்தால் பானட் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். கூடவே "மொபைல் போதுமா, கேமரா வாங்க வேண்டுமா?" என்ற சந்தேகமும் இருக்கிறது. கேமரா இப்போதைக்கு வேண்டாம். முதல் புகாருக்குக் காரணம் நீங்கள் நிற்கும் தூரம். இரண்டாவதற்குக் காரணம், கார் என்பது ஒரு வளைந்த கண்ணாடி என்பதை மறந்துவிட்டு எடுப்பது.

தூரத்தை முதலில் முடித்துவிடலாம். 4 மீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள காரின் முன் மூலையிலிருந்து 3 மீட்டரில் நின்றால், பின் மூலை உங்களிடமிருந்து 7 மீட்டருக்குப் போய்விடும். அருகில் இருப்பதில் பாதி அளவுகூட அது தெரியாது. அதுதான் பொம்மைத்தனம். அதே காரை 15 மீட்டர் தள்ளி நின்று ஜூம் லென்ஸில் எடுத்தால் பின்பக்கம் முன்பக்கத்தில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு வரும். கார் காராகத் தெரியும். லென்ஸ் வளைக்கிறது என்று பலர் திட்டுவார்கள். வளைப்பது லென்ஸ் அல்ல, நாம் கிட்டப் போய் நிற்பதுதான்.

கணக்கு இதோ. நாலரை மீட்டர் காரின் பக்கவாட்டுத் தோற்றம் படத்தின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வர வேண்டும் என்றால், மொபைலின் சாதாரண லென்ஸுக்கு (24 மி.மீ. குவியத்தூரத்துக்கு நிகரானது, இந்த எண் கூடக்கூடத் தூரத்துப் பொருள் கிட்டே வரும்) நாலரை மீட்டரிலேயே நிற்க வேண்டியிருக்கும். 50 மி.மீ.க்கு ஒன்பதரை மீட்டர், 85 மி.மீ.க்கு 16 மீட்டர். மொபைலில் 2 மடங்கு அல்லது 3 மடங்கு பொத்தானை அழுத்திவிட்டு 10 முதல் 15 எட்டு பின்னால் போங்கள். இரண்டு விரலால் விரித்து 8 மடங்கு, 10 மடங்கு என்று இழுக்காதீர்கள், பெயின்ட் மெழுகு பூசியது போல ஆகிவிடும். 0.5 என்று காட்டும் அகலக்கோண லென்ஸை வண்டிக்குள்ளே மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம். ஆன்டெனா, மிரரின் ஓரம், அலாய் வீல் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மூன்றிலும் அது தவறாமல் சொதப்பும்.

உயரம் ஹெட்லைட் மட்டத்தில், அதாவது தரையிலிருந்து 60, 70 செ.மீ. ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தால் சரியாக இருக்கும். நின்றபடி எடுத்தால் கூரைதான் அதிகம் தெரியும், வண்டி குள்ளமாகிவிடும். உயரமான எஸ்யூவி என்றால் இடுப்பு உயரம்வரை ஏறலாம்.

இனி கண்ணாடி விஷயம். இதில்தான் முக்கால்வாசி படங்கள் கெடுகின்றன. கதவின் மேல் தெரிவது பெயின்ட் மட்டும் இல்லை, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் உலகமும்தான். எதிரே கடைப் பலகை, மின்கம்பம், நிறுத்திவைத்த பைக் எது இருந்தாலும் அது கதவில் நெளிந்து விழும். காரைச் சுற்றி அழகான பின்னணி தேடுகிறோம், நமக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. இடம் தேர்ந்தெடுக்கும்போது காருக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள். அந்தப் பக்கம் வெட்டவெளியாக, வயல், ஏரி, காலி மைதானம், அகலமான சாலை என ஏதாவது இருந்தால் அடிவானம் ஒரே கோடாகக் கதவில் ஓடும். அந்தக் கோடு காரின் தோள்பட்டை மடிப்பையொட்டி நீளமாகப் போனால் படம் பாதி வெற்றி. கோட்டை ஒரு மரம் உடைக்கிறதா? வண்டியை ஒரு அடி முன்னே உருட்டிப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும். உங்கள் உருவமும் கதவில் விழும். அடர் நிறச் சட்டை போடுங்கள், ட்ரைபாட் இருந்தால் 10 நொடி டைமர் வைத்துவிட்டு விலகிவிடுங்கள்.

நேரம் என்றால், சூரியன் மறைந்த பிறகு வரும் 15, 20 நிமிடங்கள். சூரியன் இறங்கிய திசை உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். வெளிச்சமான அந்த வானம் முழுவதும் காரின் பக்கத்தில் மேலிருந்து கீழாக மெல்ல மாறும் ஒளியாக விழும், எதிர்ப்பக்க வானம் இருண்டு பின்னணியாகிவிடும். மேகம் மூடிய பகலும் நல்லதுதான், வானமே ஒரு பெரிய விளக்குப் பெட்டியாகிவிடுகிறது. நடுப்பகல் வெயில் மட்டும் வேண்டாம். தப்பான துணியால் துடைத்துத் துடைத்து விழுந்த சிலந்தி வலை போன்ற நுண்கீறல்கள் அத்தனையும் அப்போதுதான் பளிச்சென்று தெரியும், கறுப்பு வண்டியில் இன்னும் மோசம்.

லென்ஸ் முன்னால் மாட்டிச் சுழற்றும் பொலரைசர் ஃபில்டர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வாங்கிவிட்டு ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். இது கண்ணாடியிலும் பெயின்ட் மேலுள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டிலும் விழும் பிரதிபலிப்பை வெட்டும். குரோம் போன்ற வெற்று உலோகத்தில் ஒன்றும் செய்யாது. எல்லாக் கோணத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யாது என்பதும் முக்கியம். உங்கள் பார்வைக்கோடு கண்ணாடிப் பரப்போடு ஏறத்தாழ 34 டிகிரி சாய்வில் இருக்கும்போதுதான் முழு வீச்சு, நேருக்கு நேர் பார்த்தால் பயன் இல்லை. காரில் ஒவ்வொரு பரப்பும் ஒவ்வொரு சாய்வு. முன் கண்ணாடிக்கு ஃபில்டரைத் திருப்பினால் கதவில் பிரதிபலிப்பு அப்படியே நிற்கும், கதவுக்குத் திருப்பினால் பானட்டில் திரும்ப வந்துவிடும். ட்ரைபாடில் வைத்து, ஃபில்டரை மட்டும் திருப்பி மூன்று நான்கு படங்கள் எடுத்து, எடிட்டிங்கில் ஒவ்வொன்றிலும் சுத்தமாக வந்த பகுதியை மட்டும் ஒட்டுவதே வழி. கோணம் மாறாமல் இருக்க கேமராவைத் தொடாமல் ஃபில்டர் வளையத்தை மட்டும் விரல் நுனியால் திருப்புங்கள். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தை இது விழுங்கிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். பக்கக் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் திடீரென்று வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் ஃபில்டர் பழுதில்லை. சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதிப்படுத்திய கண்ணாடிக்குள் இருக்கும் இறுக்கம்தான் அப்படித் தெரிகிறது. அந்தப் பகுதிக்கு ஃபில்டரைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். இன்னொன்று, பிரதிபலிப்பை முழுக்க அழித்துவிட்டால் கார் உயிரற்ற பிளாஸ்டிக் துண்டாகிவிடும். வேண்டாததை மட்டும் வெட்டுங்கள்.

நிறத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மாற்ற வேண்டும். கேமராவுக்கு எல்லாமே சாம்பல் நிறமாக வர வேண்டும் என்ற ஆசை. வெள்ளைக் கார் சட்டகத்தை நிறைத்தால் படத்தை அழுக்காக்கிவிடும், +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். கறுப்புக்கு அதே அளவு இறக்குங்கள். சிவப்புதான் தொல்லை. மொத்த வெளிச்சம் சரியாகத் தெரியும், சிவப்புச் சானல் மட்டும் தனியாக வெடித்திருக்கும், பெயின்ட்டில் வளைவு நெளிவு எதுவும் தெரியாமல் ஒரே தட்டையாகிவிடும். வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்து இறக்குங்கள், முடிந்தால் சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா ஃபைலில் எடுங்கள்.

ஸ்டீயரிங் விஷயத்தில் பாதிப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். முன் மூலையிலிருந்து எடுக்கும்போது, கேமரா இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஒடிக்க வேண்டும். நீங்கள் காரின் இடது முன் மூலையில் நின்றால் ஸ்டீயரிங் வலப்பக்கம். அப்போதுதான் அலாய் வீலின் முகம் உங்களைப் பார்க்கும். மறுபக்கம் ஒடித்தால் டயரின் பட்டன்கள்தான் தெரியும். அரைச் சுற்று போதும், கடைசிவரை ஒடித்தால் வண்டி பாதி யு டர்னில் நிற்பது போல் இருக்கும். வீல் நடுவிலுள்ள சின்னம் நேராக நிற்கும்வரை வண்டியை உருட்டி நிறுத்துவது சிலருக்கு அதிகப்படியாகப் படலாம். பெரிதாக்கிப் பார்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கழுவுவதை நிழலில் செய்து, மைக்ரோஃபைபரால் துடைத்து, கொஞ்ச தூரம் ஓட்டி இரண்டு முறை பிரேக் போட்டுவிட்டுத் திரும்பத் துடையுங்கள். மிரருக்கு அடியிலும் நம்பர் பிளேட்டுக்குப் பின்னாலும் தங்கிய தண்ணீர் அப்போதுதான் வெளியே வரும். டயர் பாலிஷை மெல்லியதாகப் பூசி மிச்சத்தை ஒற்றி எடுக்காவிட்டால் ஓடும்போது கதவில் தெறிக்கும். டேஷ்போர்டு பொம்மை, சார்ஜர் ஒயர், வெயில் மறைப்பு எல்லாம் வெளியே. பக்கக் கண்ணாடிகள் எல்லாம் மேலே இருக்கட்டும், இல்லை எல்லாம் கீழே இருக்கட்டும்.

ஓடும் காரை எடுக்க ஷட்டர் வேகத்தை 1/125 நொடியில் தொடங்கி, பழகப் பழக 1/60-க்கு இறங்குங்கள். 1/1000-ல் எடுத்தால் சக்கரம் உறைந்து, நிறுத்திவைத்த கார் நடு ரோட்டில் நிற்பது போலத் தெரியும். காரைத் தொடர்ந்து கேமராவோடு இடுப்பிலிருந்து திரும்பி, ஷட்டரை அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள். இருபதில் ஒன்று தேறினாலே நல்ல கணக்கு. பயிற்சிக்குப் பொதுச் சாலையோரம் வேண்டாம். இங்கிலாந்தில் 1993 முதல் நடக்கும் குட்வுட் ஃபெஸ்டிவல் ஆஃப் ஸ்பீடு போன்ற, கார்கள் மேட்டுப் பாதையில் ஏறும் ஓட்டங்களில் ஒரே இடத்தில் நின்று வண்டி வண்டியாகப் பழகலாம்.

ஆட்டோ ஷோவுக்கு வருவோம். அரங்கின் கூரை முழுக்க விளக்கு, கீழே கண்ணாடி போன்ற பானட். புள்ளிகள் விழாமல் வேறென்ன செய்யும்? ஃபிளாஷ் போட்டால் இன்னொரு புள்ளி சேரும், அவ்வளவுதான். குனியுங்கள். லென்ஸ் பம்பர் உயரத்துக்கு இறங்கினால் பானட்டின் மேல்பரப்பு ஒரு கோடாகச் சுருங்கிவிடும், புள்ளிகளும் அதோடு போய்விடும். பிறகு அரை எட்டு இடம், அரை எட்டு வலம் நகர்ந்து மீதிப் புள்ளிகள் ஒரு மடிப்பின் மேல் வரிசையாக உட்காரும் இடத்தைத் தேடுங்கள். மேட் பெயின்ட் அடித்த கார் கண்ணில் பட்டால் விடாதீர்கள், அரங்கிலேயே எடுக்கச் சுலபமானது அதுதான்.

படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் வருகிறதா? எல்இடி விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் விட்டு விட்டு எரிகின்றன. கேமரா என்றால் எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிகலுக்கு மாறுங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/60 அல்லது 1/120. காரின் சொந்த எல்இடி விளக்குகள் வேறு வேகத்தில் துடிப்பதால் அவற்றுக்கு 1/50-ஐவிட மெதுவான வேகத்துக்குப் போவதே பாதுகாப்பு, இல்லாவிட்டால் ஒரு பக்க ஹெட்லைட் எரிய மறுபக்கம் அணைந்திருக்கும். சுழலும் மேடையில் இருக்கும் காருக்கு 1/125 வேண்டியிருக்கும். அங்கே பட்டை வருகிறதா என்று ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஒவ்வொரு ஸ்டாலிலும் விளக்கின் நிறம் வேறு, வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பான வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஸ்டாலுக்கு ஒருமுறை வெள்ளைக் காகிதத்தைப் பார்த்து அமைத்துவிடுங்கள்.

பூட்டிய காரின் உட்புறம் எடுக்க லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்ட வேண்டும். ரப்பர் ஹூட் இருந்தால் அதை அழுத்திப் பிடியுங்கள், மொபைல் என்றால் கண்ணாடிமேல் படுக்கவைத்துச் சுற்றி உள்ளங்கையால் மறைத்துக்கொள்ளுங்கள். மிச்சக் கார்களுக்குக் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். பெல்ட் பக்கிள், பையின் ஜிப், கழுத்தில் தொங்கும் கேமரா மூன்றும்தான் பிறர் வண்டியில் கீறல் போடுபவை. சாயும் முன்னால் அவற்றை முதுகுப் பக்கம் தள்ளிவிடுங்கள்.

கூட்டமில்லாத காரை எடுக்க வேண்டுமானால் கதவு திறந்த முதல் மணி நேரம்தான். பெரும்பாலான அரங்குகளில் ட்ரைபாட் அனுமதி கிடையாது. தூணில் சாய்ந்து, அசையாமல் பத்துப் பதினைந்து படங்கள் எடுத்து எடிட்டிங்கில் மீடியன் முறையில் (ஒவ்வொரு புள்ளிக்கும் எல்லாப் படங்களின் நடு மதிப்பை எடுப்பது) அடுக்கினால் நகர்ந்தவர்கள் மறைந்துவிடுவார்கள், ஒரே இடத்தில் நின்று செல்ஃபி எடுத்தவர் மட்டும் மிஞ்சுவார். திறந்தவெளியில் வண்டிகளை நிறுத்தும் ஷோக்களில் இந்தப் பாடு குறைவு. ஜெர்மனியின் ஐஏஏ கார் கண்காட்சி 2021-ல் மியூனிக்குக்கு மாறிய பிறகு நகரச் சதுக்கங்களிலும் கார்களை வைக்கிறார்கள். அமெரிக்காவில் 1950-ல் தொடங்கிய பெபிள் பீச் காங்கூர்ஸ் என்ற கார் அழகுப் போட்டியில் பழைய கார்கள் விடியற்காலையில் புல்வெளிமேல் உருண்டு வரும். அந்த ஒளிக்காகவே இருட்டோடு போய் நிற்பவர்கள் உண்டு.

ஒவ்வொரு காருக்கும் முதல் படமாக விவரப் பலகையை எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து 300 படங்களைப் பிரிக்கும்போது எது எந்த மாடல், என்ன இன்ஜின், பெயின்ட்டின் பெயர் என்ன என்பதெல்லாம் அதிலிருந்துதான் வரும். தலைப்பில் அதை எழுதாமல் போட்டால் கீழே வரும் முதல் கேள்வியே அதுதான்.

பகிரும்போது எஸ்ஆர்ஜிபி (sRGB) நிறவெளியில் சேமியுங்கள், அடோபி ஆர்ஜிபியில் ஏற்றினால் பல இடங்களில் சிவப்பு வெளிறித் தெரியும். நீளப் பக்கம் 2048 பிக்சலுக்குச் சுருக்கிவிட்டு அதன் பிறகு கூர்மை சேருங்கள். மெசேஜ் செயலியில் படமாக அனுப்பினால் நசுங்கும், டாக்குமென்டாக அனுப்புங்கள். நம்பர் பிளேட்டை மெல்லிய மங்கலாக்கி விட்டால் சிலவற்றைத் திரும்பப் படித்துவிடலாம், ஒரே நிறத்தால் முழுக்க மூடுங்கள். முன் கண்ணாடியின் கீழ் மூலையில் 17 எழுத்து சேஸிஸ் எண் தெரிகிறதா, வளாக பார்க்கிங் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். சொந்த வீட்டு வாசலில் எடுத்த படமென்றால் படக் கோப்போடு சேர்ந்து பதிவாகும் எக்ஸிஃப் தகவலில் இருக்கும் இருப்பிடத்தை நீக்கிவிட்டே ஏற்றுங்கள்.