இளையராஜா பாடல்களில் 'மெட்டு பலமாக இருக்கிறது' என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

வரிகளையும் வாத்தியங்களையும் எடுத்துவிட்டாலும் பாட்டு நிற்கிறதா என்று பாருங்கள். எங்கள் கடலூர்ப் பக்கம் கல்யாணங்களில், சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது நாதஸ்வரக்காரர் 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' எடுப்பார். ஒரு சொல் கிடையாது, கிட்டாரும் வயலினும் கிடையாது. ஆனாலும் முதல் வரி முடிவதற்குள் பந்தியில் பாதிப் பேர் வாய்க்குள் பாட ஆரம்பித்துவிடுவார்கள். 1977-இல் 'கவிக்குயில்' படத்துக்காக ரீதிகௌளை ராகத்தில் போட்ட மெட்டு அது. ராகத்தின் பெயரே தெரியாதவரையும் அது இழுத்துக்கொள்கிறது.

அப்புறம் 'சிந்து பைரவி'யின் (1985) 'கலைவாணியே'. கல்யாணி ராகம், ஆனால் ஆரோகணம், அதாவது ஸ்வரங்களின் ஏறுவரிசை, மட்டும்தான். ஸ்வரங்கள் படிப்படியாக ஏறும். இறங்க வேண்டிய இடத்தில் வரிசையாக இறங்காமல், கீழே ஒரு ஸ்வரத்துக்குத் தாவி, அங்கிருந்து மறுபடி ஏறும். ஏசுதாஸோடு சேர்ந்து மெதுவாகப் பாடிப் பாருங்கள், அந்தத் தாவல் தொண்டைக்குத் தெரியும். இவ்வளவு கடுமையான கட்டுப்பாடு உள்ளே இருப்பது கேட்பவருக்குத் தெரிவதே இல்லை, அழுகைதான் வருகிறது. என்னைக் கேட்டால் இளையராஜாவுடைய பெரிய பலம் இதுதான்.

பின்னணி இசைக்கோர்வையும் அருமைதான், சரி. ஆனால் அதை இரண்டாம் தடவை கேளுங்கள். முதல் தடவை குரல் போகும் வழியை மட்டும் பிடியுங்கள்.