வாக்காளரின் மனத்தைப் பின்தொடர்ந்தவர்

கேள்வி: தேர்தல் பிரசாரம் மக்களின் மனத்தை மாற்றுகிறதா என்பதை முறையாக ஆராய்ந்த முன்னோடியாகப் பால் லாசர்ஸ்ஃபெல்டைக் குறிப்பிடுகிறார்கள். கணிதம் படித்த அவர் இந்தத் துறைக்கு எப்படி வந்தார்? அவர் கண்டது என்ன?

பதில்: 1901இல் வியன்னாவில் பிறந்த லாசர்ஸ்ஃபெல்ட், ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாட்டைக் கொண்டு புதன் கோளின் இயக்கத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். ஆனால், இளமையிலேயே சோசலிச இயக்கத்தில் ஈடுபட்டிருந்த அவரைச் சமூகம் பற்றிய கேள்விகள் விடவில்லை. ஆலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்து கிடந்த மாரியென்தால் என்ற ஆஸ்திரியச் சிற்றூரை மாரி யஹோதா, ஹான்ஸ் ஸைசல் ஆகியோருடன் சேர்ந்து ஆராய்ந்தார். தெருவில் போகிறவர்களின் நடைவேகத்தைக்கூட அக்குழுவினர் கடிகாரம் வைத்து அளந்தார்கள். போய்ச் சேர அவசரமான இடம் எதுவும் இல்லாத ஆண்கள் மெதுவாக, நின்று நின்று நடந்ததைப் பதிவு செய்தார்கள். அவருடைய பிற்காலப் பணிக்கான வித்து அங்கேதான் விழுந்தது என்பது என் கருத்து.

1933இல் ராக்பெல்லர் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்ற அவர், தாய்நாட்டின் அரசியல் நிலை கெட்டதால் அங்கேயே தங்கிவிட்டார். வானொலி ஆய்வுகளை நடத்தினார். பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

1940இல் ரூஸ்வெல்ட்டும் வில்க்கியும் மோதிய அதிபர் தேர்தலின்போது, ஒஹாயோ மாநிலத்தின் ஈரி வட்டாரத்தில் ஏறத்தாழ 600 பேரைத் தேர்ந்தெடுத்து, மே முதல் நவம்பர் வரை மாதந்தோறும் அவர்களையே திரும்பத் திரும்ப லாசர்ஸ்ஃபெல்டும் குழுவினரும் பேட்டி கண்டார்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்களிடம் கேட்டால், ஒருவர் இந்தப் பக்கமும் இன்னொருவர் அந்தப் பக்கமும் தாவியிருந்தாலும் கூட்டுத்தொகை மாறாமலே இருக்கும். தாவல் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் குறையைத் தீர்த்ததுதான் இந்த ஆய்வின் பெரும் பலம்.

கிடைத்த விடையோ, ஊடகங்களின் வலிமையைத் தேடிப் போனவர்களையே வியக்க வைத்தது. பெரும்பாலோர் பிரசாரத்தால் கட்சி மாறவில்லை. முன்பே இருந்த சார்பில் உறுதிப்பட்டார்கள். வானொலியையும் நாளிதழையும்விடத் தெரிந்தவர்களின் பேச்சே தயங்கியவர்களிடம் அதிகம் எடுபட்டது. ஊடகச் செய்தி முதலில் விவரமறிந்த சிலரை அடைந்து, அவர்கள் வழியாகவே மற்றவர்களிடம் செல்கிறது என்ற ‘இருபடிப் பாய்வு’ கருத்து இதிலிருந்து பிறந்தது. பெரல்சன், ஹேஸல் காடெட் ஆகியோருடன் எழுதிய நூலாக 1944இல் இது வெளிவந்தது. 1955இல் எலிஹு காட்ஸுடன் எழுதிய நூலில் மேலும் விரிந்தது.

மனமாற்றத்தை மட்டுமே அளந்ததால் ஊடகங்களின் நீண்டகால ஆதிக்கம் அவர் கண்ணில் படாமல் போயிற்று என்று 1978இல் அமெரிக்கச் சமூகவியலாளர் டாட் கிட்லின் கடுமையாக விமர்சித்தார். அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆயினும், 1976இல் லாசர்ஸ்ஃபெல்ட் மறைந்த பிறகும், ஒரே வாக்காளர்களைத் தொடர்ந்து பேட்டி காணும் அவருடைய முறையைத் தேர்தல் ஆய்வாளர்கள் கைவிடவில்லை.