மேனேஜர் பெண்ணாக இருந்தால் ஆட்கள் வேலையில் நிலைப்பார்களா?

வணக்கம். எனக்குப் பாலக்கோடு பக்கம். ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் லீடர். எங்கள் பிரிவுக்கு ஒரு மேடம் மேனேஜராக வந்தபிறகு பெண்கள் வேலையை விட்டுப் போவது குறைந்துவிட்டது. ஆடிப் பதினெட்டுக்கு யார் யாருக்கு லீவு என்று முன்கூட்டியே பட்டியல் போட்டார், பாத்ரூம் போகிறவர் இடத்தில் நிற்க ரிலீவர் ஏற்பாடு செய்தார். இதைப் பார்த்து நிர்வாகம், எல்லா ஷிப்ட்டுக்கும் லேடீஸையே இன்சார்ஜாகப் போட்டால் ஆட்கள் வேலையில் நிலைப்பார்கள் என்கிறது. என்னையும் ஷிப்ட் இன்சார்ஜ் ஆகச் சொல்கிறார்கள். ஆனால் இதற்கு முன் நான் இருந்த கம்பெனியிலும் மேடம்தான், அங்கே ஆட்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். எது உண்மை?
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. லீவு பட்டியல், ரிலீவர். ஆட்கள் வேலையில் நிலைத்தது இந்த இரண்டுக்காக.

ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகிற கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடியற்காலை மூன்றரைக்கு எழுந்திருக்கிற பெண்களை எனக்குத் தெரியும். அதில் ஒருத்தி, லைனில் தன் இடத்தில் நிற்க மாற்று ஆள் கிடைக்காது என்பதால், மதியச் சாப்பாடு வரை தண்ணீர் பாட்டிலைத் திறக்கவே மாட்டாள். அவளுக்கு ஒரு ரிலீவர் போட்டவர் ஆணா பெண்ணா என்று அவள் பார்க்கப்போவதில்லை. ஆனால் இதே காரியத்தை ஒரு ஆண் செய்தால் ‘என்ன நல்ல மனுஷன்’ என்கிறோம், பெண் செய்தால் ‘பெண்தானே, அந்த மனசு இருக்கும்’ என்று அவருடைய நிர்வாகத் திறமையை ஒன்றுமில்லாமல் செய்துவிடுகிறோம். இது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம்.

கணக்கும் இருக்கிறது. கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் அமெரிக்க மேலாளர்களைப் பற்றி 2015இல் வெளியிட்ட அறிக்கைப்படி, பெண் மேலாளரிடம் வேலை செய்பவர்களில் 33 சதவீதம் பேர் ஈடுபாட்டோடு இருக்கிறார்கள், ஆண் மேலாளரிடம் 27 சதவீதம். வித்தியாசம் உண்டு, சரி. ஆனால் பெண் மேலாளரிடமும் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு அந்த ஈடுபாடு வரவில்லையே, அதை யார் பேசுவது?

உங்கள் பழைய மேடத்துக்கு வருகிறேன். அவரை நான் பார்த்ததில்லை, ஆனால் அவர் கையில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ரோசபெத் மாஸ் காண்டர் என்ற சமூகவியலாளர் ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனியை உள்ளிருந்து ஆராய்ந்து 1977இல் எழுதினார்: மேலிடத்தில் தன் சொல் செல்லுபடியாகாத அதிகாரி ஆணானாலும் பெண்ணானாலும் விதியைப் பிடித்துத் தொங்குவார், கீழே இருப்பவர்களை நச்சரிப்பார். பெண்களுக்குப் பதவியைக் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காமல் விடுவது அதிகம் என்பதால் அந்தக் கெட்ட பெயர் பெண்கள்மேல் ஒட்டிக்கொள்கிறது. 2021இல் போச்சம்பள்ளி ஓலா மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலையைப் பத்தாயிரம் பெண்கள் நடத்துவார்கள் என்று அறிவித்தார்கள், இங்கே எல்லோரும் அந்த எண்ணிக்கையைத்தான் பேசினோம். லீவில் கையெழுத்துப் போடுவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பங்களாதேஷ் கார்மென்ட்ஸ் ஆலைகளில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து சூப்பர்வைசர்களாகப் போட்டு ஆராய்ந்தார்கள். ஆரம்பத்தில் அவர்களுடைய லைன்களில் உற்பத்தி கொஞ்சம் குறைவு, தொழிலாளர்களும் அவர்களைக் குறைவாகத்தான் மதிப்பிட்டார்கள். சில மாதங்களில் அந்த உற்பத்தி வித்தியாசம் மறைந்துவிட்டது. அதனால் முதல் சில மாதம் உங்கள் பேச்சு எடுபடவில்லை என்றால் அதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நிர்வாகமும் அந்த அவகாசத்தைக் கொடுத்தாக வேண்டும்.

அப்புறம், சட்டப்படி வரவேண்டியதை மேடத்தின் கருணையாக ஆக்கவிடாதீர்கள். 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017 மகப்பேறு சட்டத் திருத்தமே சொல்லிவிட்டது, மேனேஜர் யாராக இருந்தாலும்.

பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ஏற்பதற்கு முன் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: லீவு கொடுக்கிற அதிகாரம், ஷிப்ட் மாற்றிப் போடுகிற அதிகாரம், டார்கெட் பாதிக்காமல் ரிலீவர் போடக் கூடுதல் ஆள். மூன்றும் தர முடியாது, லேடீஸ் நீங்கள் பேசினால் கேட்டுக்கொள்வார்கள் என்று சொன்னால், லைன் லீடராகவே இருங்கள்.