பூனை, நாய், கோழி, 60 வெள்ளி

கேள்வி: அக்கா, பட்டர்வொர்த்தில் தரைவீடு. பின்னால் பன்னிரண்டு அடிக்கு எட்டு அடி மண் சும்மா கிடக்கிறது. லண்டனில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண் யூடியூபில் வசந்தகாலத் தோட்டம் போடுவதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. வீட்டில் இரண்டு பூனை, ஒரு நாய், மாமியார் கொடுத்த ஐந்து கோழி. கையில் 60 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் இல்லை. போன வாரம் தூவிய கீரை விதையைக் கோழி கிளறிவிட்டது. மிச்ச மண்ணில் பூனை தன் வேலையை முடித்துவிட்டுப் போனது. நம் ஊரில் எப்போது தொடங்குவது, எப்படிக் காப்பாற்றுவது? – ம.க., பட்டர்வொர்த்

பதில்: தங்கச்சி, 60 வெள்ளி தாராளம். ஆனால் அதில் ஐந்து வெள்ளிக்கு மேல் செடிக்குப் போகக் கூடாது. மிச்சமெல்லாம் மண்ணுக்கும் காவலுக்கும்தான். செடி இனாமாகக் கிடைக்கும், காவல் கிடைக்காது.

முதலில் வசந்தம். லண்டனில் பனி விலகினால்தான் விதை முளைக்கும், அவர்கள் காத்திருக்க வேண்டும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை வடக்கே. குளிர் என்று ஒன்று வந்தால்தானே அது விலக? ஆனால் நான் நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். எங்களுக்கு ஒரு வசந்தம் இருந்தது. ஜனவரி கடைசியில் வெயில் ஏறும், பால்மரம், அதாவது ரப்பர் மரம், பழுப்பாகி இலை உதிர்க்கும், காட்டுக்குள் நடந்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரிச் சத்தம். அப்புறம் செம்பு நிறத்தில் தளிர் விடும். பார்க்க அழகு, ஆனால் அந்த நாட்களில் பால் குறையும், பால் குறைந்தால் சம்பளம் குறையும். என் பாட்டி கீரைப் பாத்தியைக் கொத்த ஆரம்பிப்பது அந்த மாதத்தில்தான். பங்குனியில் நாற்றை நிழலில் வளர்ப்பார், சித்திரையில் மழை இறங்கியதும் பாத்திக்கு மாற்றுவார். பினாங்குப் பக்கத்தில் ஜனவரி, பிப்ரவரி வறட்சி, ஏப்ரல், மே மழை, செப்டம்பர், அக்டோபரில் பெருமழை. ஆகவே பாட்டியின் கணக்கு உங்களுக்கும் சரிவரும். பெருமழை மாதத்தில் மட்டும் சின்ன விதை தூவாதீர்கள். எல்லாம் சாக்கடைக்குப் போய்விடும்.

சரி, கோழி. அதைத் திட்டாதீர்கள், உங்கள் வீட்டில் சம்பளம் கேட்காத கொத்தாள் அதுதான். விதை போடுவதற்கு முன்னால் அந்த இடத்தைச் சுற்றி ஏதாவது பழைய வலையைக் கட்டி, ஐந்து கோழியையும் ஒரு வாரம் உள்ளே விடுங்கள். காய்ந்த இலையும் காய்கறித் தோலும் போடுங்கள். புல், களைவிதை, புழு எல்லாம் தீரும், மண்ணும் கிளறிக் கிடக்கும். வாரம் முடிந்ததும் வெளியே விரட்டிவிட்டு வலையைக் கோழிக்கு எதிராகத் திருப்புங்கள். உடனே நடவேண்டாம். புது எச்சம் வேரைக் கருக்கும். இரண்டு வாரம் தண்ணீர் விட்டு ஆறவிடுங்கள். முதல் போகத்தில் சமைத்துச் சாப்பிடுவதை மட்டும் போடுங்கள், பச்சையாகக் கடிப்பது வேண்டாம். கூண்டிலிருந்து வாரும் எச்சத்தைக் காய்ந்த இலையோடு அடுக்கி, மழை படாமல் மூடி, மூன்று மாதம் மறந்துவிடுங்கள். கடையில் மூட்டை போட்டு விற்கிற கோழி எருவுக்குக் காசு மிச்சம்.

இனி பூனை. பூனைக்கு உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. காய்ந்து பொலபொலவென்று இருக்கும் மண் கண்ணில் பட்டால் அது கழிப்பறை, அவ்வளவுதான். அதனால் இரண்டு வேலை. ஒன்று, பாத்தியில் கால் வைக்க இடம் இல்லாமல் செய்வது. பாட்டி எலுமிச்சை முள் கொப்பைப் பரப்புவார். நான் இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சி குத்துகிறேன். நாலு விரல் இடைவெளியில், கூர் முனை மண்ணுக்குள், மொட்டை முனை வெளியே. தலைகீழாகக் குத்தினால் பூனை கண்ணையோ உங்கள் உள்ளங்கையையோ பதம் பார்க்கும். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் சாப்பிட்டு எறிந்த குச்சிகளைப் பொறுக்கி வந்து, சரியாகக் கழுவாமல் குத்தினேன் ஒரு முறை. காலையில் பார்த்தால் என் நாய் கருப்பன் நூறு குச்சியையும் பிடுங்கி, மாமிச வாசனைக்கு மென்று, வாசலில் துப்பி வைத்திருந்தான். குச்சி தொண்டையில் ஏறாதது அவன் அதிர்ஷ்டம். புதுக் கட்டு வாங்குங்கள்.

இரண்டாவது வேலை, பூனைக்கு வேறு இடம் காட்டுவது. பக்கத்தில் யாராவது வீடு இடித்துக் கட்டினால் ஒரு வாளி மணல் கேட்டு வாங்கி, பாத்திக்கு எதிர்மூலையில் கொட்டுங்கள். பூனை அங்கே போகும். அந்த மணலில் கிடக்கும் கழிவைத் தினமும் அள்ளி எறியவேண்டும், எருக்குழியில் சேர்க்கக் கூடாது. பூனைக் கழிவில் இருக்கும் ஒரு கிருமி கர்ப்பிணிகளுக்குக் கெடுதல், ஆகவே கையுறை போடுங்கள், கீரையை ஓடும் தண்ணீரில் அலசுங்கள். அப்புறம், மீன் கழுவிய தண்ணீர். எங்கள் வீட்டில் அதைச் செடிக்கு ஊற்றுவது வழக்கம், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். இரண்டு பூனை வைத்துக்கொண்டு அதைச் செய்தால் பாத்திக்கு நீங்களே கல்யாணப் பத்திரிகை வைத்த மாதிரி. அரிசி களைந்த தண்ணீர் போதும்.

இன்னொரு சங்கதி. பாத்தி ஓரத்தில் குப்பைமேனி முளைத்திருக்கிறதா பாருங்கள். மலாய்க்காரர்கள் அதைக் குச்சிங் காலாக் என்பார்கள், தமிழில் பூனைவணங்கி என்றும் பெயர். வேர் வெளியே தெரிந்தால் பூனை அதில் உருண்டு புரண்டு பித்துப் பிடித்தாற்போல் ஆகும். களை எடுக்கும்போது நான் அதைப் பிடுங்கிப் பாத்தி மேலேயே போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது பயற்றங்காய் நாற்றின் மேல் மூன்று பூனை, அதில் ஒன்று யாருடையது என்றுகூடத் தெரியாது. இப்போது மணல் மூலையில் இரண்டு குப்பைமேனியை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன்.

நாயைப் பற்றி அதிகம் இல்லை. அது வேலி ஓரமாக ஓடித்தான் காவல் காக்கும். அந்த ஓரத்தில் இரண்டடி விட்டுவிட்டு நடுங்கள். அது காலைத் தூக்கும் மூலையில் கீரை வேண்டாம், இலை கருகும்.

ஆனால் நத்தை மருந்து. இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். மழை பிடித்ததும் பெரிய ஆப்பிரிக்க நத்தை வரும், ஒரே இரவில் நாற்றை மொட்டையடிக்கும். நானும் கோபத்தில் நீலநிற உருண்டை வாங்கித் தூவினேன். அந்த மருந்தில் தவிடு மாதிரித் தீனி கலந்திருக்கிறது, நாய்க்கு வாசனை பிடிக்கும். கருப்பன் நக்கிவிட்டான். ஒரு மணி நேரத்தில் வாயில் நுரை, உடம்பெல்லாம் உதறல். கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம், பிழைத்தான். கட்டணம் 280 வெள்ளி. நத்தை தின்ற கீரையின் விலை இரண்டு வெள்ளி இருக்குமா? இப்போது இரவு ஒன்பது மணிக்கு டார்ச் விளக்கோடு போய்க் குறடால் பிடித்து உப்புத் தண்ணீர் வாளியில் போடுகிறேன். வெறும் கையால் தொடாதீர்கள், அதில் மூளைக்குப் போகும் ஒரு புழு இருக்கலாம். உப்பை மண்ணில் தூவவும் வேண்டாம், மண் கெடும். பூனையை விரட்ட மிளகாய்த் தூள், அந்துருண்டை என்று யாராவது யோசனை சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். முதலாவது கண்ணில் எரியும், இரண்டாவது விஷம்.

இனி உங்கள் காசு. எங்கள் பக்கத்தில் நான் வாங்கிய விலை இது: கோழிக்கம்பி வலை மூன்று மீட்டர் 18 வெள்ளி, கறுப்பு மண் நாலு மூட்டை 20, சாத்தே குச்சி இரண்டு கட்டு 5, சிவப்புக் கீரை, வெண்டை விதைப் பொட்டலம் இரண்டும் சேர்த்து 4. ஆக 47. மிச்சம் 13 வெள்ளியைத் தொடாதீர்கள். ஏதாவது ஒன்று சாகும், மறுபடி போடவேண்டியிருக்கும். கம்பி வலையை வேலியாக நிறுத்தாமல் பாத்தி மேல் படுக்கப் போடுங்கள், செடி கண்ணி வழியாக எழும்பும், கோழிக்கால் இறங்காது. செடி பருத்ததும் கம்பியை வெட்டிவிடுங்கள். சுற்றுக்குக் கடலோரக் கிராமத்தில் மீனவர்கள் கழித்துப் போட்ட வலையைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சும்மா கொடுப்பார்கள். இழுத்துக் கட்டவேண்டும். தொளதொளவென்று விட்டால் பாம்பும் உடும்பும் சிக்கிச் சாகும்.

மற்றதெல்லாம் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. கொடிப்பசலை வாங்கினால் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டை இரண்டு கணுவோடு ஊன்றுங்கள். கங்கோங் கீரைத் தண்டைத் தண்ணீரில் வைத்தால் சில நாளில் வேர் விடும். செராய் என்கிற எலுமிச்சைப்புல் தண்டும் அப்படியே. சர்க்கரைவள்ளிக் கொடியை ஒடித்து நட்டால் போதும். கீரை விதையை மணலோடும் ஒரு பிடி ரவையோடும் கலந்து தூவுங்கள். எறும்பு ரவையைத் தூக்கிக்கொண்டு போகும், விதை தப்பும். ஒரு மாதத்துக்குள் முதல் கீரை சட்டிக்கு வந்துவிடும்.

கேள்வி: செந்தூலில் அடுக்குமாடி, பதினோராவது மாடி. பால்கனியில் எது வைத்தாலும் என் பூனை கடிக்கிறது. எந்தச் செடி ஆபத்து? – ரா., கோலாலம்பூர்

பதில்: லில்லியை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். பூ, இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். யாராவது பூங்கொத்துக் கொடுத்தால் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். அரளியும் வேண்டாம். மணி பிளான்ட் வாயை எரிக்கும், கற்றாழை வயிற்றைக் கெடுக்கும், இரண்டையும் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். வெங்காயம், பூண்டு முளைக்கவைத்து வளர்ப்பதும் பூனை இருக்கும் வீட்டில் சரியில்லை. துளசி வைக்கலாம்.

கடிப்பதை நிறுத்த முடியாது, திசை திருப்பலாம். மளிகைக் கடையில் முழுக் கோதுமை ஒரு வெள்ளிக்கு வாங்குங்கள். ஒரு பிடியை இரவு ஊறவைத்து, மார்ஜரின் டப்பாவில் இரண்டு விரல் மண்ணில் பரப்பினால் பத்து நாளில் புல். பூனை அதை மேயும். இரண்டு டப்பாவை வாரம் மாற்றி வாரம் விதைத்தால் புல் தீராது. தொட்டியைத் தடுப்புச்சுவர் மேல் வைக்காதீர்கள், பூனை தள்ளினால் கீழே யார் தலை இருக்கும் என்று சொல்ல முடியாது. தொட்டித் தட்டில் தேங்கும் தண்ணீரை வாரத்துக்கு ஒரு முறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். கொசு முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், வெறுமனே கொட்டினால் போகாது.

கேள்வி: முயல் வளர்க்கிறோம். அதன் புழுக்கையை நேராகச் செடிக்குப் போடலாமா? – சி., கெப்போங்

பதில்: போடலாம், கோழி எரு மாதிரிச் சுடாது. ஆனால் தக்காளி இலை, உருளைக்கிழங்கு இலை இரண்டையும் முயலுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஆயர் ஹீத்தாமில் மலையடிவாரத்தில் வீடு. குரங்குக் கூட்டம் வாரம் இரண்டு தரம் வருகிறது. வாழை, பப்பாளி, கத்தரி ஒன்றும் மிஞ்சவில்லை. என்னதான் நடுவது? – வே., பினாங்கு

பதில்: அண்ணே, உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன்: பழத்தை மறந்துவிடுங்கள். வலை கட்டினால் கிழிக்கும், நாயைக் கட்டினால் கூரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். மஞ்சள், லங்குவாஸ் (அரத்தை), செராய், பாண்டான் (ரம்பை இலை), கறிவேப்பிலை – வாசனையும் நாரும் உள்ளதை நடுங்கள். சும்மா ஒரு கன்றைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு எறியும், அதைத் திரும்ப ஊன்றிக்கொள்ளலாம். கறிவேப்பிலைக் கன்று கடையில் வாங்காதீர்கள். பெரிய மரம் இருக்கும் வீட்டில் வேரிலிருந்து பக்கக்கன்று வரும், மழை நாளில் தோண்டி வாங்குங்கள்.

அதைவிட முக்கியம் குப்பைப் பை. இரவே வாசலில் வைத்தீர்களா? காலையில் லோரி வருவதற்கு முன் குரங்கு வந்துவிடும். எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் தினமும் ரொட்டித் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள், பாவம் பார்த்து. அவர்கள் நிறுத்தியபிறகு மூன்று வாரம் கூட்டம் எல்லா வீட்டுக் கதவையும் தட்டிப் பார்த்தது. அப்புறம் வருவது குறைந்தது. ஆனால் என் சமையலறைச் சன்னல் கொக்கியைத் திறக்க ஒரு குட்டி அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டது, இப்போது கொக்கிக்கு மேல் ஒரு சின்னப் பூட்டு தொங்குகிறது.