ஸ்க்யூ உளியில் திருகுபோல வரி விழுந்தால்

வணக்கம். கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தை ஸ்க்யூ உளியால் (கூர்விளிம்பு சாய்வாக இருக்கும் தட்டை உளி) நேராகச் சீவும்போது திருகுபோல வரி விழுகிறது, நடுநடுவே உளி கவ்வி மரத்தைப் பிய்க்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் வெவ்வேறு கோளாறு.

உளி கவ்வுவது, வெட்டு மேல்முனைப் பக்கம் ஏறுவதால்தான். சாய்ந்த விளிம்பின் இரு முனைகளில் நீண்டு நிற்கும் நீள்முனை மேலே, குட்டைமுனை கீழே இருக்கட்டும். கூர்விளிம்பு மரத்தின் அச்சுக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்ந்திருக்கட்டும். வெட்டு, விளிம்பின் நடுவுக்குக் கீழே, குட்டைமுனைக்குச் சற்று மேலேதான் நடக்க வேண்டும். நடுவைத் தாண்டி மேலே போனால் கவ்வும், அதில் சந்தேகமே வேண்டாம்.

தொடங்கும்போது கைப்பிடியைத் தாழ்த்தி, சரிவுமுகம் (கூர்விளிம்பை ஒட்டிச் சரிவாகத் தீட்டிய பரப்பு) மட்டும் மரத்தில் உரசட்டும். அப்போது எதுவும் வெட்டுப்படாது. பிறகு கைப்பிடியை மெல்ல உயர்த்துங்கள். மெல்லிய சுருள் வரும். அந்த இடத்திலேயே கோணத்தை நிறுத்தி, உடம்போடு சேர்ந்து பக்கவாட்டில் நகருங்கள். மணிக்கட்டை மட்டும் திருப்பினால் கோணம் மாறிவிடும்.

வரி விழுவது பெரும்பாலும் அதிர்வால். சரிவுமுகத்தை அழுத்தினால் ஒல்லியான மரம் வளைந்து துள்ளும். அழுத்தத்தைக் குறையுங்கள், மரத்தின் மறுமுனையைத் தாங்கும் வால்பக்கப் பிடியையும் கொஞ்சம் தளர்த்துங்கள், இடது கை விரல்களை மரத்தின் பின்னால் லேசாகத் தாங்கக் கொடுங்கள். விரல் சூடானால் நீங்கள் இன்னும் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

அப்புறம் கூர். கிரைண்டரிலிருந்து எடுத்த உளியை அப்படியே மரத்தில் வைக்காதீர்கள். சாணைக்கல்லில் இரண்டு முகத்தையும் தீட்டி, பிசிர் போனபின் வையுங்கள். எப்போதும் பருத்த பகுதியிலிருந்து மெலிந்த பகுதிக்கே வெட்டுங்கள்.