ஒளிவேகமும் ஊர்திரும்பலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

குமுளியிலிருந்து எழுதுகிறேன். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 2011இல் நியூட்ரினோ என்ற நுண்துகள் ஒளியை முந்தியது என்று செய்தி வந்ததே, அதை ஏன் அமுக்கிவிட்டார்கள்? ஐன்ஸ்டைன் சொல்லிவிட்டார் என்பதற்காக யாரும் மறுபேச்சு பேசுவதில்லை என்று தோன்றுகிறது. நம் போடி மலையில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வந்திருந்தால் உண்மை தெரிந்திருக்குமோ? வெளியையே வளைத்து ஓடும் வார்ப் டிரைவ், ஒளியைவிட வேகமாக ஓடும் டாக்கியான் துகள் எல்லாம் வெறும் கதைதானா? ஒளியை முந்தவே முடியாது என்றால் மனிதகுலம் சூரியக் குடும்பத்துக்குள்ளேயே கிடந்து சாக வேண்டியதுதானா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடைசிக் கேள்வியை நானும் கொஞ்ச நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதில்.

எதையும் யாரும் அமுக்கவில்லை. ஜெனீவா அருகே செர்ன் துகள் ஆய்வு மையத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ மலையடி ஆய்வுக்கூடத்துக்குச் சுமார் 730 கிலோமீட்டர். நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோநொடி முன்னால் வந்ததாக அளவீடு காட்டியது. அளந்தவர்களுக்கே நம்பிக்கை வரவில்லை. பிழை எங்கே, பார்த்துச் சொல்லுங்கள் என்று உலகத்தையே கேட்டார்கள். ஒரு கண்ணாடியிழை கேபிள் சரியாகச் செருகப்படவில்லை என்று 2012இல் தெரிந்தது. அதையும் அவர்களேதான் வெளியே சொன்னார்கள். இதில் சதியைத் தேடிய நேரத்துக்கு ஒரு பாடநூலைப் புரட்டியிருக்கலாம், தம்பி.

'ஐன்ஸ்டைன் சொன்னதால்' என்பது இன்னும் பெரிய சோம்பேறித்தனம். வானத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும் மியூவான் என்ற துகளுக்குச் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோநொடி. ஒளிவேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். ஆனாலும் நீங்கள் கையை நீட்டினால் உள்ளங்கை வழியாக நொடிக்கு ஏறத்தாழ ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. நம் கணக்கில் அதன் கடிகாரம் மெதுவாக ஓடுவதால் அது தரைவரை வந்துவிடுகிறது. 1905இல் ஐன்ஸ்டைன் எழுதிய சமன்பாடு குமுளியில் உங்கள் கைக்குள்ளேயே சோதிக்கப்படுகிறது.

இயற்பியலாளர் அல்குபியரே 1994இல் எழுதிய வார்ப் டிரைவுக்கு எதிர்மறை ஆற்றல் வேண்டும், அந்த அளவுக்கு அது யாரிடமும் இல்லை, விடுங்கள். டாக்கியானைப் பற்றி யோசித்தவர்களில் ஒருவர் உங்கள் பக்கத்துக்காரர், கோட்டயத்தில் பிறந்த இயற்பியலாளர் இ.சி.ஜி. சுதர்சன். அப்படி ஒரு துகள் இருந்தாலும் அது ஒளிவேகத்துக்குக் கீழே இறங்கவே முடியாது. நாம் அதில் ஏற முடியாது.

இனி கடைசிக் கேள்வி. ஒளிவேகம் உங்களைப் போகவிடாமல் தடுக்கிறது என்று நினைக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், எனக்கு எரிச்சலாக வருகிறது. பூமியில் விழும் பொருளுக்கு இருக்கும் அதே முடுக்கத்தோடு ஒரு கலம் பாதி வழி வேகமெடுத்து, மீதி வழி வேகம் குறைத்துக்கொண்டே போகட்டும். மியூவானுக்கு ஆனதுபோலவே கலத்தின் கடிகாரமும் நம் கணக்கில் மெதுவாக ஓடும். 4.24 ஒளியாண்டு தொலைவிலுள்ள பிராக்சிமா சென்டாரிக்கு, உள்ளே இருப்பவர்களுக்கு ஏறத்தாழ மூன்றரை ஆண்டு. பால்வெளியின் மையத்துக்கே சுமார் 20 ஆண்டு. எரிபொருளுக்கு எங்கே போவது என்பது பெரிய தலைவலி, ஆனால் ஐன்ஸ்டைனின் சார்பியல் குறுக்கே நிற்கவில்லை. இருபது வயதில் கிளம்பினால் நாற்பதில் போய்ச் சேரலாம். அதற்குள் இங்கே 26,000 ஆண்டுக்கு மேல் ஓடியிருக்கும். சேர்ந்த சேதியைச் சொல்ல ஊரில் ஆள் இருக்காது.

என் பெரியப்பா கம்பத்திலிருந்து வண்டன்மேட்டுக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போனவர். ஒரு பருவம் என்று போனார், அங்கேயே தங்கிவிட்டார். வீரபாண்டித் திருவிழாவுக்கு எப்போதாவது வருவார். துண்டில் முடிந்த ஏலக்காயைக் கொடுத்துவிட்டுத் தெருவை ஏற இறங்கப் பார்ப்பார். "டீக்கடைக்காரர் எங்க, ஆளையே காணோம்?" என்பார். "அவரு போயி ரெண்டு தீவாளி ஆச்சேய்யா" என்று அப்பத்தா சொல்லும். அவர் மனதில் ஊர் கிளம்பிய அன்றோடு நின்றிருந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருக்காகப் புதிதாகத் துக்கப்பட்டுவிட்டு மலையேறுவார்.

ஒளியை முந்த வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு உண்மையில் வேண்டியது இதுதான்: போகவும் வேண்டும், திரும்பும்போது அம்மாவும் இருக்க வேண்டும். நியாயமான ஆசை. ஆனால் அதற்கு விலை அதிகம். சேதி ஒளியை முந்தலாம் என்று விட்டால், பதில் கேள்விக்கு முன்பே வந்து சேர வழி திறந்துவிடும். பெரியப்பா கிளம்புவதற்கு முன்பே அப்பத்தா அவருக்குச் சோறு போட்டிருக்கும்.

மனிதகுலம் இங்கேயே கிடந்து சாக வேண்டியதில்லை. சிதறலாம். ஆனால் போனவர்கள் நம் ஆட்களாக இருக்கமாட்டார்கள். பெரியப்பாவின் பேரன் மலையாளப் பள்ளியில் படித்தவன். வீரபாண்டி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. அதை அவன் ஒரு குறையாக நினைக்கவும் இல்லை. நான்தான் நினைக்கிறேன்.

போடி ஆய்வுக்கூடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நியூட்ரினோ நிறைகளில் எது கூடுதல், எது குறைவு என்ற வரிசையை அறியப் போட்ட திட்டம் அது, வேகத்தை அளக்க அல்ல. அது ஏன் வரவில்லை என்று தனியாக எழுதுங்கள், சண்டை போடலாம்.